மாமனார் பார்த்த மூல நட்சத்திரம்

சில ஆண்டுகளுக்கு முன், ஓர் ஆவணி மாத ஞாயிற்றுக்கிழமை. அப்போது நான் கல்வராயன் மலையில் ஆரம்ப சுகாதார நிலையம் ஒன்றில் நர்ஸாக இருந்தேன். என்னைப் பெண் பார்க்க மூங்கில்துறைப்பட்டிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் என் குவார்ட்டர்ஸுக்கே வந்திருந்தார்கள். நைனார்பாளையத்திலிருந்து அப்பாவும் அம்மாவும் காலையிலேயே வந்துவிட்டார்கள்.

நான் பிறந்தது மூல நட்சத்திரத்தில். மூலத்தில் பிறந்த பெண் மாமனாருக்கு ஆகாது என்று ஒரு பேச்சு உண்டே, அதனால் வந்த வரனெல்லாம் ஜாதகத்தோடு திரும்பிப் போயிருந்தது. இந்த முறை எல்லோருக்கும் பிடித்துப்போய், சிரிப்பும் பேச்சுமாக இருந்த நேரத்தில், மறைக்கக் கூடாது என்று அப்பா அதைச் சொல்லிவிட்டார். மாப்பிள்ளையின் அம்மா கையிலிருந்த டீயைக் கீழே வைத்துவிட்டார்.

பக்கத்துக் குவார்ட்டர்ஸில் ஒரு அறிவியல் டீச்சர் இருந்தார். கிறிஸ்தவர், என் வயதுதான். பலகாரம் எடுத்துவைக்க உதவிக்கொண்டிருந்தவருக்கு இந்தப் பேச்சு பொறுக்கவில்லை. "எல்லாரும் வெளிய வாங்க. அந்த மூலத்தையே காட்றேன்" என்றார்.

அப்போதுதான் இருட்டியிருந்தது. மழை பெய்து ஓய்ந்த வானம்; மெல்லிய பிறை மலைக்குப் பின்னால் இறங்கிவிட்டிருந்தது. டீச்சர் தெற்கே கைகாட்டினார். மூன்று நட்சத்திரம் வரிசையாக நிற்பது தேளின் தலை, அதுதான் அனுஷம். நடுவில் சிவப்பாக மினுக்குவது கேட்டை. அங்கிருந்து கீழே வளைந்து இறங்கி, கொடுக்கு மாதிரி சுருண்டிருக்கிறதே, அந்த வால்தான் மூலம். சீனாக்காரர்கள் அதையே டிராகனின் வால் என்கிறார்களாம். கடல் நடுவே தீவுகளில் இருப்பவர்களுக்கு அது தூண்டில் முள்ளாம். "அவங்கவங்க வாழ்ற வாழ்க்கைக்கு ஏத்த மாதிரி கோடு போட்டுப் பாத்திருக்காங்க" என்றார் டீச்சர்.

என் வாழ்க்கையையே மறித்துக்கொண்டு நின்ற அந்த மூலத்தை அன்றுதான் நான் கண்ணால் பார்க்கிறேன். அவ்வளவு அழகாக இருக்கும் என்று நினைத்ததே இல்லை.

மாப்பிள்ளையின் அப்பா மில்லுக்குக் கரும்பு ஏற்றும் டிராக்டர் ஓட்டுபவர். அண்ணாந்து வெகுநேரம் பார்த்தார். பிறகு சிரித்தார்.

"இதானா? வெடிகாலைல கரும்பு ஏத்திக்கினு போவும்போது எதுருல நிக்குமே! இத்தினி வருசமா இத பாத்துக்கினுதான் வண்டி ஓட்றேன். எனக்கு இன்னா ஆயிடுச்சி? இந்தப் பொண்ணு வந்தா மட்டும் இன்னா ஆவப் போவுது?"

அவர் மனைவி சிரிக்கவில்லை. "உங்களுக்கு ஏதாச்சும் ஆச்சின்னா நான் எங்க போவேன்?" என்றபோது குரல் உடைந்துவிட்டது. எனக்கு அவர்மேல் கோபமே வரவில்லை. என்னை வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை, புருஷனை நினைத்துப் பயந்தார், அவ்வளவுதான்.

மாமனாரின் பிடிவாதத்தால் கல்யாணம் நடந்தது. மாமியார் என்னிடம் முகம் சுளித்ததில்லை. ஆனால் மாமனார் இரண்டு முறை சேர்ந்தாற்போல் இருமினால் அவர் கண் என் பக்கம் திரும்பும். அது எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். மாமனாருக்கு வெகுநாளாகவே சர்க்கரை. ஊசி போடுவது, மாத்திரை கொடுப்பது எல்லாவற்றையும் நானே பார்த்துக்கொண்டேன். அதில் கடமையோடு கொஞ்சம் பயமும் இருந்தது.

போன வருடம் ஒருநாள் காலை மாமனாருக்கு நெஞ்சுவலி வந்தது. ஆம்புலன்ஸில் கூடவே போனேன். கள்ளக்குறிச்சி போய்ச் சேர்வதற்குள் உயிர் போய்விட்டது.

வீட்டில் கிடத்தியிருந்தோம். பெண்கள் சூழ்ந்து அழுதுகொண்டிருந்தபோது, உறவுக்காரப் பெண் ஒருவர் என் காதில் விழும்படியே சொன்னார்: "அப்பவே சொன்னாங்க, மூலம்னு. யார் கேட்டாங்க?"

இத்தனை நாள் நான் பயந்த சொல் அதுதான். மாமியாரின் முகத்தைப் பார்க்கவே துணிவில்லாமல் குனிந்துகொண்டேன்.

மாமனாரின் தலைமாட்டில் விழுந்து கிடந்த மாமியார் நிமிர்ந்தார்.

"வாய மூடு. தெனம் அவருக்கு ஊசி போட்டவ இவ. வண்டில அவரு கடைசியா புடிச்சிக்கினு இருந்தது இவ கைய. இந்த வூட்ல எம்மருமவள ஒரு பேச்சு பேசக் கூடாது."

சொல்லிவிட்டு என்னை இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார். அதுவரை வராத அழுகை அப்போதுதான் எனக்கு வந்தது.

எந்தப் பயத்தோடு என்னை வீட்டுக்குள் அழைத்தாரோ அந்தப் பயம் பலித்துப்போன நாளிலேயே என் பக்கம் நின்ற அவரை நினைக்கும்போதெல்லாம், ஒரு மனுஷி இதைவிடப் பெரிய மனசோடு இருக்க முடியுமா என்று இன்றும் எனக்குத் தோன்றுகிறது.