மறுக்கப்பட்ட மாப்பிள்ளையின் கொலை

என் கணவருக்கு வலது கண்ணில் விழித்திரை கழன்றது ஒரு பங்குனி மாதத்தில். காற்றாலை இறகுகளுக்கு மேற்பூச்சுப் பூசும் இடத்தில் அவருக்கு வேலை. கண்ணோரத்தில் கறுப்பாக ஏதோ இறங்குவது போலத் தெரிந்ததும், பாதுகாப்புக் கண்ணாடியில் பூச்சுத் தெறித்துவிட்டது என்று நினைத்துத் துடைத்துத் துடைத்துப் பார்த்திருக்கிறார். அது கண்ணுக்குள்ளேயே இறங்குகிற திரை என்று விளங்கப் பின்னேரம் ஆகிவிட்டது.

மறுநாளே சத்திரசிகிச்சை செய்தார்கள். கண்ணுக்குள் வாயு அடைத்துவிட்டு, அந்தக் குமிழி மேலெழும்பி விழித்திரையை அழுத்திப் பிடிக்க வேண்டும், அதனால் ஒரு கிழமைக்கு முகம் நிலத்தைப் பார்த்தபடியே இருக்க வேண்டும் என்றார்கள். படுத்தால் குப்புற. இருந்தால் குனிந்து. சாப்பாடும் அப்படியே.

நாங்கள் இருப்பது டென்மார்க்கில், பிராண்டே என்ற சிற்றூரில். கார் இல்லாமல் இங்கே ஒன்றும் நடக்காது. எனக்கு லைசன்ஸ் இருந்தாலும் நெடுஞ்சாலையில் ஓட்டப் பயம். ஆஸ்பத்திரியோ ஒரு மணித்தியாலத்துக்கு மேலான ஓட்டம். வேறு வழியில்லாமல் கோபன்ஹேகனில் வேலை செய்யும் மகளுக்குப் போன் எடுத்தேன். அவள் அன்றே லீவு போட்டுவிட்டுக் காரில் வந்துவிட்டாள்.

வேறு வழியில்லாமல் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அதற்கு முந்திய இலையுதிர் காலத்தில் லண்டனில் இருந்து ஒரு சம்பந்தம் வந்தது. என் கணவரின் பழைய நண்பர் கொண்டுவந்தது. மாப்பிள்ளை நல்ல படிப்பு, நல்ல குணம், பார்க்கவும் குறை சொல்ல முடியாது. மகள் அவரை இரண்டு தரம் சந்தித்தாள். பிறகு வேண்டாம் என்றாள். அதற்குள் என் கணவர் வாக்குக் கொடுத்துவிட்டார். ஏன் வேண்டாம் என்று நான் கேட்டதற்கு, விருப்பமில்லை, வேறு ஒரு காரணமும் இல்லை என்று டேனிஷில் சொன்னாள். இவர் அதையும் கேட்கவில்லை. அன்றோடு அவளுடன் கதைப்பதை நிறுத்திவிட்டார். அவளுடைய அழைப்பு வந்தால் போனைப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டுவார்.

ஆஸ்பத்திரியில் இருந்து வீட்டுக்கு அவள்தான் ஓட்டி வந்தாள். அவர் பின் சீட்டில், மடியில் வைத்த தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு இருந்தார். நான் பக்கத்தில் இருந்து அவருடைய தோளைப் பிடித்துக்கொண்டேன். கார் திரும்பும்போது மட்டும் அவள், இப்போது திரும்புகிறேன் என்று பொதுவாகச் சொன்னாள்.

முதல் இரண்டு நாளும் பெரிய பாடு. ஞாயிற்றுக்கிழமைகளில் டிவியில் போகும் கொலைத் தொடர்களை ஒன்றுவிடாமல் பார்க்கிற மனிதர். இப்போது சோபாவில் குப்புறக் கிடந்து, இரண்டு தலையணைகளுக்கு நடுவிலே தரைவிரிப்பைப் பார்க்க வேண்டும். அதிலுள்ள கறைகள் எல்லாம் அவருக்கு மனப்பாடமாகிவிட்டன. வானொலி எரிச்சலாக இருந்தது. மகள் எதிர் அறையில் கணினியோடு இருந்தாள். கண்ணுக்குத் துளிமருந்து விடுவது அவள்தான். விடும்போதும் இரண்டு பேருக்கும் இடையில் ஒரு சொல் கிடையாது.

வாசித்துக் காட்டலாம் என்று நூலகத்துக்குப் போய் ஒரு கிறிமி தாருங்கள் என்று கேட்டேன். டேனிஷ்காரர் கொலைக் கதையை அப்படித்தான் சொல்வார்கள். அவர் சொல்லியனுப்பிய புத்தகங்கள் எல்லாம் இரவல் போயிருந்தன. அங்கிருந்த பெண், இதுவும் கிறிமி அலுமாரியில்தான் இருக்கிறது என்று ஒன்றை எடுத்துத் தந்தாள். அட்டையில் நீளமான வெள்ளை உடுப்புப் போட்ட பெண். அவளுடைய கையுறையில் ஒரு சிவப்புப் பொட்டு.

வீட்டுக்கு வந்து பின்னட்டையைப் பார்த்தபோதுதான் விளங்கியது. இது ஒரு பழைய ஆங்கிலக் காதல் நாவலை எடுத்து, அதே ஊர், அதே குடும்பங்களை வைத்து, நடுவில் ஒரு கொலையைப் போட்டுத் திருப்பி எழுதிய கதை. இங்கிலாந்து மன்னருக்குப் புத்தி பேதலித்து, அவருடைய மகன் ஆட்சியைப் பார்த்துக்கொண்ட காலம். பழைய நாவலை நான் ஊரில் உயர்தர வகுப்பில் படித்திருந்தேன். அதில் ஒரு பெண் தன்னைக் கேட்டு வந்த பணக்கார மாப்பிள்ளையை வேண்டாம் என்கிறாள். அவர் கோபித்துக்கொண்டு போய் வேறொருத்தியைக் கட்டிக்கொள்கிறார். புதிய கதையில் அவர் போகவில்லை. அவள் மறுத்த மறுநாள் காலையில் குளிர்காலத்தில் செடிகள் வைக்கும் கண்ணாடி வீட்டுக்குள் செத்துக் கிடக்கிறார். ஊர் முழுக்க அவளைச் சந்தேகிக்கிறது.

இந்தக் கதையையா இந்த வீட்டில் வாசிப்பது என்று யோசித்தேன். திருப்பிக் கொண்டுபோகச் சோம்பலாக இருந்தது. வாசித்தேன்.

டேனிஷில் ஒரு பந்தியை மனதுக்குள் வாசித்து, அதைத் தமிழில் சொன்னேன். முதல் அத்தியாயங்களில் நடன விருந்துகளும் தேநீரும் யாருக்கு எவ்வளவு காணி என்ற பேச்சும்தான். இவர் தலையணைக்குள் இருந்து, உவையளுக்கு வேலை வெட்டி ஒண்டும் இல்லையோ என்று கேட்டார். பிணம் விழுந்த பிறகு கேள்வி மாறியது. கண்ணாடி வீட்டைப் பூட்டுகிற திறப்பு யாரிடம் இருந்தது, தேநீரை யார் ஊற்றினார்கள் என்று நிறுத்தி நிறுத்திக் கேட்டார். ஆட்களின் பெயர்களை நான் மாற்றி மாற்றிச் சொல்ல, பிழை பிடிக்கவும் தொடங்கினார்.

அடுத்த நாள் எனக்கு வேலை. முதியோர் இல்லமொன்றின் சமையலறையில் நான் வேலை செய்கிறேன். மாலை வீட்டுக்கு வந்து வாசலில் சப்பாத்தைக் கழற்றும்போது உள்ளே டேனிஷ் கேட்டது. மகள் சோபாவுக்குப் பக்கத்தில் தரையில் இருந்து வாசித்துக்கொண்டிருந்தாள். நான் விட்ட இடத்தைத் தாண்டி வெகுதூரம் போயிருந்தார்கள்.

எப்படி நடந்தது என்று பிறகு சமையலறையில் அவளிடம் கேட்டேன். மதியம் மருந்து விட்ட பிறகு, அந்தப் புத்தகம் எங்கே என்று அப்பா தரையைப் பார்த்துக் கேட்டாராம். மேசையில் என்று இவள் சொன்னாளாம். வாசிச்சால் நல்லம் என்றாராம், யாரிடம் என்று சொல்லாமல். வீட்டில் வேறு ஆள் இல்லாததால் இவள் எடுத்திருக்கிறாள்.

அவள் வாசிப்பு வேகமானது. டேனிஷ் அவளுக்குப் பிறந்ததில் இருந்தே பழகிய மொழி. பெரிய வீட்டுச் சீமாட்டிக்கு ஒரு குரல், வண்டிக்காரனுக்கு ஒரு குரல் என்று மாற்றி வாசித்தாள். அவருக்கு விளங்காத சொல் வந்தால் என்னது என்பார். அவள் தமிழில் சொல்லப் பார்ப்பாள். தெரியாவிட்டால் இரண்டு பேரும் சமையலறைப் பக்கம் குரல் கொடுப்பார்கள். அவர் அவளுடைய முகத்தைப் பார்க்க முடியாது. அவளும் அவருடைய பின்தலையைத்தான் பார்த்தாள். அது இரண்டு பேருக்கும் சுகமாக இருந்திருக்க வேண்டும்.

எனக்கு லீவான நாளில் நான் சமையலறையில் கறிக்கு லீக்ஸ் வெட்டிக்கொண்டிருந்தேன். கதையில் விசாரணை நடந்துகொண்டிருந்தது. புத்தகத்தை மூடிவிட்டு மகள், தனக்கு அந்தப் பெண்ணின் தகப்பன் மேலேதான் சந்தேகம் என்றாள். தமிழில்தான் சொன்னாள்.

"அவர் ஏன் கொல்லப்போறார்?" என்றார் இவர்.

"கலியாணம் குழம்பின நாளில இருந்து அவர் அவளோட கதைக்கிறேல்லை."

நான் கத்தியை வைத்துவிட்டேன்.

"கதைக்காதவன் எல்லாம் கொலைகாரனோ, பிள்ளை?" என்றார் அவர்.

பிள்ளை என்று அவர் அவளைக் கூப்பிட்டு அரை வருசம் இருக்கும். அவர் தகப்பனின் பக்கம் நின்று வாதாடினார். பாவம், அந்த மனிதருக்கு ஊரில் தலை காட்ட முடியவில்லை, வாக்குக் கொடுத்தவர், கோபம் இருக்கும்தானே, ஆனால் கொலை செய்கிற ஆள் இல்லை என்றார். பிறகு தானாகவே, அந்தப் பெட்டையும் செய்யேல்லை, வேண்டாம் எண்டு சொன்னது ஒரு குற்றமோ என்றார். அவள் புத்தகத்தைத் திறந்து அடுத்த அத்தியாயத்தை வாசிக்கத் தொடங்கினாள். முதல் பக்கத்தில் வண்டிக்காரனுக்குச் சீமாட்டியின் குரலைப் போட்டுவிட்டாள்.

அவளுடைய லீவு முடிந்தபோது நாலைந்து அத்தியாயம் மிச்சம் இருந்தது. மீதியை நான் வாசிப்பேன் என்றேன். நான் வாசித்தால் கொலைகாரனின் பெயரே மாறிப்போகும் என்று இவர் மறுத்துவிட்டார். அவள் புத்தகத்தைத் தன் பையில் வைத்துக்கொண்டு, சனிக்கிழமை ஆறுதலாய்ப் போன் எடுத்து மிச்சத்தை வாசிக்கிறன் என்று சொல்லிவிட்டுப் போனாள். சனிக்கிழமை வந்தது. போன் வரவில்லை. மதியம் தாண்டியதும் அவர் தன்னுடைய போனை என்னிடம் நீட்டவில்லை. தானே எண்ணை அழுத்தினார். அந்த நேரம் அவர் நிமிர்ந்து இருக்கலாம் என்று டொக்டர் அனுமதித்திருந்தார்.

ஒலிபெருக்கியில் போட்டு மேசையில் வைத்துக் கேட்டோம். கொன்றது செத்தவருடைய அக்கா. தம்பி கலியாணம் கட்டினால் வீடும் அதிகாரமும் வருகிறவளுக்குப் போய்விடும் என்ற பயம் அவளுக்கு. மறுத்த பெண்ணை அவன் இன்னொரு தரம் கேட்கப் போவதாகச் சொன்னதும் தேநீரில் நஞ்சு வைத்துவிட்டாள். அந்தப் பெண் ஓம் என்று சொல்லியிருந்தாலும் அவன் செத்திருப்பான் என்று மகள் சொன்னாள். இவர் அதைக் கொஞ்சம் யோசித்தார். பிறகு கதையை விட்டுவிட்டுக் கேட்டார்.

"பிள்ளை, நீ ஏன் வேண்டாம் எண்டு சொன்னனி?"

அவள் இருமினாள். "அப்பா, அவர் கதைக்கேக்கை நான் வேற எதையோ யோசிச்சுக்கொண்டிருந்தன். ரெண்டு தரமும்."

"என்னத்தை?"

"வேலையை. கார் சேர்விசுக்கு விடோணும் எண்டதை."

இவர் மேசை விரிப்பின் ஓரத்தை இழுத்துச் சரி செய்தார். "சரி," என்றார். "சொல்லியிருக்கலாமே."

"கேட்டிருந்தால் சொல்லியிருப்பன்."

"ஓம்," என்றார்.

அவ்வளவுதான் பேச்சு. அடுத்த கிழமை சம்பந்தம் கொண்டுவந்த நண்பர் கண்ணைப் பற்றி விசாரிக்கப் போன் எடுத்தார். சுற்றி வளைத்து லண்டன் கதைக்கு வந்தார். மகளுக்கு விருப்பமில்லை, அதுதான் காரணம், நான்தான் அவளைக் கேட்காமல் வாக்குக் கொடுத்தது என்று இவர் சொன்னதை நான் பக்கத்தில் இருந்து கேட்டேன். நண்பர் மனம் நொந்துதான் போனை வைத்தார். அவர்கள் இன்னும் பழையபடி நெருக்கமில்லை.

பார்வை முழுதாகத் திரும்பவில்லை. கதவுச் சட்டம் அவருக்குக் கொஞ்சம் வளைந்து தெரிகிறது. கோடையில் திரும்பவும் கார் ஓட்டத் தொடங்கினார். வேலையில் வேறு பகுதிக்கு மாற்றினார்கள். அதை அவர் விரும்பவில்லை, ஆனால் போகிறார்.

கதையின் முடிவில் அந்தப் பெண் தன்னை விசாரித்த இளம் அதிகாரியைக் கலியாணம் கட்டிக்கொள்கிறாள். கொலைகாரியைப் பிடித்ததோடு நிறுத்தியிருக்கலாம், அந்தக் கலியாணம் வலிந்து ஒட்டினது என்று இவர் வருகிறவர்களிடம் எல்லாம் சொன்னார். மகளுக்கு அந்த இடம் பிடித்திருந்ததாம். அவளுக்கு இன்னும் கலியாணம் ஆகவில்லை. யாராவது இருக்கிறார்களா என்று நாங்கள் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. மாதத்துக்கு ஒருக்கால் வருவாள். போன தரம் கோபன்ஹேகனில் வீடு வாங்குவது பற்றி இரண்டு பேருக்கும் நல்ல சண்டை. அவள் கதவை அடித்துச் சாத்திவிட்டு மேலே போனாள். காலையில் கோப்பிக்கு வந்தபோது, அவர் அவளுடைய கோப்பையை எடுத்து வைத்துவிட்டு, விட்ட இடத்தில் இருந்து அதே சண்டையைத் தொடங்கினார்.