சிறை வகுப்பறையில் என் பெயர்

அடியார்களே, என் மகன் ரமணன் சிறையில் இருக்கிறான். இதை எழுதவே கை கூசுகிறது. மதுவெறியில் காரோட்டி, தெருவைக் கடந்த ஒருவரின் உயிரைப் போக்கிவிட்டான். தீர்ப்பு வந்ததிலிருந்து என் முகத்தைப் பார்க்க மறுத்தான். யார் வந்து பார்க்கலாம் என்பதற்கு உள்ளே இருப்பவர்தான் சம்மதிக்க வேண்டும். மூன்று முறை கேட்டேன். மூன்று முறையும் வேண்டாம் என்றே பதில் வந்தது.

எனக்கு எழுபத்தொன்பது வயது. அவன் வெளியே வரும்வரை இருப்பேனா? நித்திரை போயிற்று. மனைவியும் இல்லை, யாரிடம் சொல்வேன்? வெள்ளிதோறும் நான் இருக்கும் வெக்ஸ்போர்ட்டிலிருந்து பஸ் ஏறி முருகன் சந்நிதியில் போய் அழுதேன். "அவனை விடுவி என்று கேட்கவில்லை, முருகா. செய்ததற்கு அவன் இருக்கத்தான் வேண்டும். என்னை ஒருமுறை பார்க்கச் சம்மதிக்க வை." கந்தசஷ்டி ஆறு நாளும் அதையே கேட்டேன்.

கார்த்திகையில் தொலைபேசி அடித்தது.

"அப்பா, இஞ்சை ஒரு கிளாஸ் நடக்குது. கொலிஜ் பிள்ளையள் கிழமைக்கு ஒருக்கா வந்து எங்களோடை இருந்து படிக்கினம். கடைசி நாளுக்கு ஒரு ஆளைக் கூப்பிடலாம். வாறியளோ?"

"ஓம், வாறன்" என்றேன்.

கோயில் நண்பர் ஒருவர் தம் காரில் ஒஷாவா நகருக்கும் அப்பாலுள்ள அந்தச் சிறைக்குக் கொண்டுபோய் விட்டார். பனி கொட்டுமோ, உள்ளே விடுவார்களோ என்று வழியெல்லாம் அவரைக் கரைச்சல்படுத்தினேன். வகுப்பறையில் இருபத்திரண்டு கதிரைகள் வட்டமாக இருந்தன. கைதி ஒருவர், மாணவர் ஒருவர் என மாறிமாறி இருந்தார்கள். யார் கைதி, யார் மாணவர் என்று எண்ணிப் பார்த்தேன். இரண்டு தரமும் கணக்குப் பிழைத்தது.

ஆசிரியை கட்டுரை வாசிக்க ஒருவரை அழைத்தார். "சபாரத்தினம்!"

அது என் பெயர். பதறி எழுந்தேன். எதிரே ரமணனும் எழுந்தான்.

நம்மவர் பலருக்கும் நேர்ந்ததுதான். அவன் இந்த நாட்டில் அகதியாக வந்திறங்கியபோது, ஊர் வழக்கப்படி தன் பெயருக்கு முன்னால் எழுதியிருந்த தகப்பன் பெயரை இங்கே அவனுடைய முதற்பெயராகப் பதிந்துவிட்டார்கள். அந்த வகுப்பிலோ பதிவிலுள்ள முதற்பெயரால் மட்டுமே அழைப்பார்களாம்.

அவன் பக்கத்திலிருந்த தமிழ் மாணவி ஒருத்தி சிரித்துவிட்டாள். "ஓ மை காட், அங்கிள்! நீங்கதான் ஒரிஜினலா? எங்கட சபாரத்தினம் எல்லாத்துக்கும் ஆர்கியூ பண்ணுவார்!"

"அது தாயின்ரை குணம், பிள்ளை" என்றேன். அறையே சிரித்தது. ரமணன் சிரிக்கவில்லை. அருகில் வந்து என் கையைப் பிடித்தான்.

"முதல் நாள் உங்கட பேரைச் சொல்லிக் கூப்பிட, எழும்பி ஓடிடுவமோ எண்டு இருந்தது அப்பா. என்ரை பேர் ரமணன் எண்டு சொல்லியிருக்கலாம். சொல்ல மனம் வரேல்லை. கிழமைக்குக் கிழமை அந்தப் பேருக்கு ஓம் ஓம் எண்டு போட்டு, உங்களை மட்டும் எப்பிடி வேண்டாம் எண்டுறது?"

இப்போது மாதம் இரு முறை போய்ப் பார்க்கிறேன். அவன் மேலும் படிக்க விண்ணப்பித்திருக்கிறான். எனக்கு நித்திரை வருகிறது.

உங்கள் வீட்டிலும் ஒருவர் முகம்கொடாமல் இருக்கலாம். கேட்பதை விட்டுவிடாதீர்கள். நான் கோயில் வாசலில் காத்து நின்றேன். முருகன் என் பிள்ளை பக்கத்தில் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு, முன்பின் தெரியாத பிள்ளைகளை இருத்தி, அவர்கள் வாயால் என் பெயரைச் சொல்லி அவனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான்.