ஏழாம் ஃபிளாப்பியில் வைத்த பொட்டு

தாராவியில், ஒரு மாவு மில்லுக்கு மேலே, தகரக் கூரை போட்ட அறையில் குடியிருப்போர் சங்கம் ஒன்று நடந்தது. அதன் ஒரே ஊழியர் லூர்து மேரி. மாட்டுங்காவில் ஒரு வக்கீல் ஆபீசில் பதினைந்து வருஷம் டைப் அடித்தவள். கணவனை இழந்து, நாற்பது வயதில் இந்த மாடிப்படி ஏறினாள். யாரோ புண்ணியவான் தானமாகக் கொடுத்த ஒரு பழைய கம்ப்யூட்டர் அங்கே துணி போர்த்திக் கிடந்தது. அதைத் தொடவே எல்லோரும் பயந்தார்கள். மேரிதான் துணியை எடுத்தாள்.

1988ஆம் வருஷம் வீட்டுக் கணக்கெடுப்பு ஆரம்பித்தது. கம்ப்யூட்டருக்குள் சந்துக்கு ஒரு டைரக்டரி, வீட்டுக்கு ஒரு ஃபைல். யார் இருக்கிறார்கள், எந்த வருஷம் வந்தார்கள், ரேஷன் கார்டு எண் என்ன என்று ஏழு மாதம் அடித்தாள். கூரை ஒழுகி, எழுதி வாங்கிய படிவங்கள் ஜூலை மழையில் கூழாகிப்போயின. பிரிண்டர் வாங்கித் தருகிறேன் என்றவர்கள் தரவில்லை. ஆக, அத்தனை குடும்பங்களின் வாழ்வும் அந்தச் சாம்பல் நிறப் பெட்டிக்குள் மட்டுமே இருந்தது.

அந்தப் பயத்தில்தான் மேரி, எல்லாவற்றையும் ஃபிளாப்பிகளில் நகலெடுத்து வைக்க, பேக்கப் எடுக்கக் கற்றுக்கொண்டாள். கறுப்புத் திரையில் 'பேக்கப்' என்று தட்டி, எந்த டைரக்டரி, எந்த டிரைவ் என்று சொன்னால், மெஷின் ஒன்றாம் ஃபிளாப்பியைப் போடு என்று கேட்கும். அது நிறைந்ததும் இரண்டு. பிறகு மூன்று. மொத்தம் பதினொன்று.

"மேரிக்கா, தோசையா சுடுத? மாத்தி மாத்திப் போட்டுட்டே இருக்கே!" என்று கீழே மில்லில் இருந்து வந்தவர்கள் கேலி செய்தார்கள்.

"சிரிங்க, சிரிங்க. ஒரு நா இது தீஞ்சுதுன்னா அப்பத் தெரியும்."

செப்டம்பரில் வேலை முடிந்தது. பதினொரு ஃபிளாப்பிகளையும் டப்பாவில் அடுக்கி அலமாரியில் வைத்தாள். இன்னொரு செட் எடுக்கலாம் என்றாள். சங்கத் தலைவர் பிரம்மநாயகம், "ஒண்ணு போதும் தாயி, எல்லாத்துக்கும் ரெண்டு ரெண்டா வைக்க முடியுமா?" என்று சிரித்துவிட்டார்.

அக்டோபரில் ஆயுத பூஜை வந்தது. பிரம்மநாயகம் குளித்து, வேட்டி கட்டி, கம்ப்யூட்டருக்கு மாலை போட்டார். பிறகு டப்பாவைத் திறந்து ஃபிளாப்பிகளைக் காகித உறையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து, லேபிள் மேல் சந்தனமும் குங்குமமும் வைத்தார். ஏழாவது ஃபிளாப்பி அவர் கையில் தலைகீழாக இருந்தது. ஜன்னல் போலத் திறந்திருக்கும் இடத்தில், உள்ளே கறுப்புத் தட்டு தெரியும் அந்த இடத்தில், ஈரச் சந்தனம் பதிந்தது.

மேரி பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள். மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரி நான், அவர் பூஜையில் குறுக்கே பேசினால் என்ன நினைப்பார்? நல்ல மனுஷர். மனசு நோகும். எல்லோரும் போன பிறகு முந்தானையால் துடைத்து உறையில் போட்டாள். அய்யோ, மரியாதை என்று நினைத்து அவள் காத்த அந்த மௌனம்!

டிசம்பரில் ஒரு பகல் வேளையில் சந்தொன்று எரிந்தது. முப்பத்து நான்கு வீடுகள். உயிர் தப்பியது, காகிதம் ஒன்றும் தப்பவில்லை. வீடு இழந்தவர்களுக்கு மறுபடி இடம் குறித்துக் கொடுக்க வரும் சர்க்கார் ஆட்கள், ரேஷன் கார்டைக் காட்டினால்தான் பெயர் எழுதுவார்கள். புது கார்டு வேண்டுமென்றால் பழைய எண் வேண்டும் என்றார்கள் ரேஷன் ஆபீசில். புதன்கிழமை வரை அவகாசம்.

எண்கள் மேரியிடம் இருந்தன. ஆனால், அறுந்த மின்கம்பியைச் சரிசெய்து லைட் வந்தபோது ஒரேயடியாகப் பாய்ந்த கரண்ட்டில் கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்க் செத்துப்போனது.

செம்பூரிலிருந்து நஜிமுதீன் என்ற மெக்கானிக் வந்து வேறொரு டிஸ்க்கைப் பொருத்தினான். மேரி சிலுவை போட்டுக்கொண்டு 'ரீஸ்டோர்' என்று தட்டினாள். முதல் ஆறு ஃபிளாப்பிகளிலிருந்தும் ஃபைல்களின் பெயர்கள் வரிசையாக ஏறின. ஏழாவதைப் போட்டாள். கர்ரென்று ஒரு சத்தம். படிக்க முடியவில்லை என்றது மெஷின். எரிந்த சந்து முழுவதும் அந்த ஏழில்தான் இருந்தது.

நஜிமுதீன் ஃபிளாப்பியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். "இது என்ன அக்கா, காஞ்ச சேறு மாதிரி?"

"சந்தனம்," என்றார் பிரம்மநாயகம்.

"மேல இருக்க பிளாஸ்டிக் ஒறைய வெட்டி, உள்ள தட்ட எடுத்துத் தண்ணில அலசிப் பாக்கலாம். ஒருக்கா பண்ணிருக்கேன். கியாரண்டி கெடையாது."

"நானே வெட்டுதேன்," என்றாள் மேரி.

ஞாயிற்றுக்கிழமை மதியம். மாதா கோயில் பூசைக்குக்கூட அவள் போகவில்லை. சவர பிளேடால் ஓரத்தைக் கீறி, வட்டத் தட்டை விளிம்பில் பிடித்து எடுத்து, பிறந்த குழந்தையைக் குளிப்பாட்டுவது போல் தண்ணீரில் ஆட்டினாள். சந்தனம் கரைந்தது. நிழலில் உலர்த்தி, வேறொரு ஃபிளாப்பியின் உறைக்குள் நுழைத்துப் போட்டாள். மெஷின் முனகியது. பிறகு ஒரு பெயர் வந்தது. இன்னொன்று. பிரம்மநாயகம் சத்தமாக எண்ணினார். முப்பத்தொன்று வரை எண்ணினார். மீதி மூன்று வரவேயில்லை.

"மெஷின் கெட்டுப்போச்சுன்னு சொல்லிரு தாயி. மெஷினு வந்து பேசவா போகுது?" என்றார் பிரம்மநாயகம்.

"மெஷின் பேசாது அண்ணாச்சி. அன்னைக்கு நானும் பேசாமத்தான் நின்னேன். நீங்க வைக்கத நான் பாத்தேன்."

இருவருமாகத் தார்ப்பாய்க் கூடாரங்களுக்குப் போனார்கள். நடந்ததை மேரி மூன்று குடும்பங்களிடமும் ஒளிக்காமல் சொன்னாள். தோல் பட்டறையில் வேலை செய்யும் பூலோகம் இருவரையும் ஏற இறங்கப் பார்த்தான். பிறகு, "முப்பத்தோரு வீட்டுக்கு நம்பர் கெடச்சுது. எங்களுக்குக் குங்குமம் கெடச்சுது. பலே!" என்றான். பிரம்மநாயகம் அவன் காலில் விழப் போனார். "எந்திரிங்க அண்ணாச்சி. நீரு எங் காலக் கட்டிக்கிட்டா எனக்குக் குடியிருக்க எடம் வந்துருமா?"

புதன்கிழமை முப்பத்தொரு பெயர்கள் எழுதப்பட்டன. மற்ற மூவருக்காக மேரி நான்கு மாதம் ரேஷன் ஆபீஸ் வாசலில் நின்றாள். "கல் ஆவோ, பாயி," என்று, நாளைக்கு வரச் சொல்லி, அங்கிருந்த கிளார்க் தினமும் இந்தியில் விரட்டினான். தினமும் போனாள். பழைய ரிஜிஸ்டர்களில் இரண்டு பெயர்கள் அகப்பட்டன. பூலோகத்தின் பெயர் இருந்த பக்கத்தை எப்போதோ கரையான் தின்றிருந்தது.

ஏப்ரலில் அவன் அம்பர்நாத்தில் இருக்கும் மச்சான் வீட்டோடு போகத் தீர்மானித்தான். டெம்போவில் சாமான் ஏறிக்கொண்டிருந்தபோது மேரி நோட்டோடு வந்து நின்றாள்.

"இன்னொரு தடவ எல்லாத்தையும் சொல்லு, பூலோகம்."

"இனிமே எதுக்கு மேரிக்கா? எந்த ஆபீஸ்ல கேக்கான்?"

"யாரும் கேக்க வேண்டாம். நீ சொல்லு."

டெம்போக்காரன் ஹாரன் அடித்தான். பூலோகம் சொன்னான், அவன் மறந்ததை மனைவி அம்மிணி சொன்னாள். வண்டி கிளம்பியதும் மேரி மாடியேறி, எரிந்த சந்தின் டைரக்டரியைத் திறந்து அடித்தாள். வீடு இருபத்தொன்பது. பூலோகம், அம்மிணி, பிள்ளைகள் மூன்று. வந்த வருஷம் 1969. ரேஷன் கார்டு எண்ணுக்கான இடத்தை வெறுமையாக விட்டுவிட்டு, 'பேக்கப்' என்று தட்டினாள்.