ஷாக் சரியாகும் வரைக்கும் பஸ்

பைக் மெக்கானிக் தொழிலில் பழுதான வண்டி வருவது அபூர்வம். வீட்டில் 'சரிபண்ணிய' வண்டிதான் வரும். மொபைலைப் பார்த்து மருந்து சாப்பிட்டுவிட்டு வருகிறவர்களிடம் மாட்டிய டாக்டர்களே, வீட்டிலேயே துணியை வெட்டிக் கொண்டுவருகிறவர்களிடம் சிக்கிய தையல்காரர்களே, என் வயிற்றெரிச்சல் உங்களுக்குத்தான் புரியும். காளவாசல் பக்கம் என் கடை. நாலு கடை தள்ளி மெத்தைக் கடை வைத்திருக்கும் கமால் பாயுடைய பைக்கின் முன் ஷாக் அப்சார்பர், சுருக்கமாக ஷாக், போன மாதம் முழுக்க என் உயிரை வாங்கியது.

பாயின் மனைவி ஷமீமா திருமங்கலத்தில் டீச்சர். தினமும் காலையில் பாய்தான் பைக்கில் கொண்டுபோய் விடுவார். ஒரு நாள் டீச்சர், 'இடுப்பு போச்சு, ஷாக்கைச் சரிபண்ணும் வரைக்கும் பஸ்தான்' என்று சொல்லிவிட்டார். "வீட்டுல எப்பவும் ஆளு கூட்டம்ணே. நாங்க ரெண்டு பேரும் பேசிக்கிறதே வண்டியிலதான்" என்று பாய் சொன்னபோது எனக்கே பாவமாக இருந்தது. அந்தப் பாவம் ரொம்ப நாள் தாங்கவில்லை.

ஃப்ரீ லோடு

அவர் வண்டியில் முன் ஷாக்கின் தலையில் ஒரு திருகு உண்டு. திருகத் திருக உள்ளே ஸ்பிரிங் இறுகும். அதற்குப் பெயர் ப்ரீலோட். தானே சரிபண்ண மொபைலில் பார்த்த வீடியோவில் பாய் காதில் விழுந்ததோ 'ஃப்ரீ லோடு'. லோடு ஃப்ரீயாகட்டும் என்று இரண்டு பக்கமும் கடைசி வரை திருகி, கடப்பாரை மாதிரி விறைத்துப் போன வண்டியில் வந்து இறங்கினார்.

'ப்ரீ என்றால் முன்கூட்டியே பாய், ஓசி இல்லை' என்று விளக்கித் தளர்த்திக் கொடுத்தேன். டீச்சர் உட்காருவது பின்னால்தானே என்று பின் ஷாக்கையும் பார்த்தேன். அதில் ஒரு குறையும் இல்லை. பாய்க்கு மட்டும் மனசு ஆறவில்லை: "அப்ப டைட்டுன்னே பேரு வச்சுத் தொலைய வேண்டியதுதானண்ணே, மனுசன ஏன் ஏமாத்துறான்?"

மெஷின் ஆயில்

அந்த வாரமே வண்டி திரும்பி வந்தது. பிரேக்கைத் தொட்டால் முன்பக்கம் தொபுக்கென்று குனிந்து 'டங்'கென்று இடித்தது. கழற்றினால், ஷாக்குக்குள் தண்ணீர் மாதிரி ஏதோ எண்ணெய். ஷாக்குக்கென்று தனி ஆயில் உண்டு. அது கொஞ்சம் கெட்டியாக இருந்தால்தான் ஷாக் நிதானமாக ஏறி இறங்கும். பாய் வீட்டிலேயே பழைய ஆயிலை இறக்கிவிட்டு, தன் கடையில் மெத்தை உறை தைக்கிற தையல் மெஷினுக்கு விடும் எண்ணெயை ஊற்றியிருந்தார்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் கத்தியே விட்டேன். மனுஷன் கொஞ்சமாவது அசரணுமே! "மெஷின் ஆயில் மெஷினுக்குத்தானண்ணே? பைக்கு என்ன அம்மிக்கல்லா?"

பின் சீட்டு

சரியான ஆயிலை ஊற்றி, ஓட்டிப் பார்த்து, எனக்குத் திருப்தியான பிறகு ஒரு சனிக்கிழமை டீச்சரே கடைக்கு வந்தார். பாய் ஓட்ட, டீச்சர் பின்னால் ஏறி ஒரு சுற்றுப் போய்விட்டு, கடுகடுவென்ற முகத்தோடு இறங்கினார். "அண்ணே, இவரப் பின்னாடி உக்கார வச்சு நீங்க ஓட்டுங்க. இவரு ஓட்டுற மாதிரியே ஓட்டுங்க" என்றார்.

பாய் ஓட்டும் அழகு எனக்குத் தெரியாதா? அவரைப் பொறுத்தவரை ஸ்பீடு பிரேக்கர் என்பது வேகத்தைக் குறைக்கிற இடம் இல்லை, அவரை வம்புக்கு இழுக்கிற இடம். அதே வேகத்தில் அந்த ரோட்டு ஸ்பீடு பிரேக்கர் எல்லாவற்றிலும் விட்டேன். ஒவ்வொன்றுக்கும் முதுகுக்குப் பின்னால் "யா அல்லா" என்று ஒரு சத்தம். வாங்கிய நாளிலிருந்து சொந்த வண்டியின் பின் சீட்டில் அவர் உட்கார்ந்ததே இல்லை. உண்மையைச் சொன்னால், எனக்கு அது ரொம்ப சந்தோஷமான சவாரி. கடை வாசலில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கியவர், டீச்சர் முகத்தைப் பார்க்காமல் என்னிடம் கேட்டார்: "அண்ணே, பின்னாடி இம்புட்டா இடிக்கும்?"

இப்போது பாய் ஸ்பீடு பிரேக்கரில் ஊர்ந்து போகிறார், டீச்சரும் பின்னால் உட்கார்ந்து பேசிக்கொண்டே போகிறார். ஆனால் 'வீட்டிலேயே ஷாக்கைச் சரிபண்ணுவது எப்படி' என்று பாய் போட்டிருக்கும் வீடியோவைப் பார்த்துவிட்டு, வாடிப்பட்டியிலிருந்தெல்லாம் என் கடைக்கு வண்டி வர ஆரம்பித்திருக்கிறது.