சுண்டுவிரல் இல்லாத பெண்

பழைய படம் சேர்க்கிறவர்களைப் போல அற்பமான கூட்டத்தை நான் பார்த்ததில்லை. அந்தக் கூட்டத்தில் இருபது வருடமாக நானும் ஒருவன். இரும்புத் தகட்டில் எடுத்த அந்தக் காலத்துத் தகரப் படம் ஒன்று கிடைத்தால் போதும், தஞ்சாவூரில் நாங்கள் ஏழெட்டுப் பேர் அதில் இருப்பது யாரென்று கண்டுபிடிக்க உட்கார்ந்துவிடுவோம். மீசை பெரிதாக இருந்தால் ஜமீன்தார், நிமிர்ந்து நின்றால் மிராசுதார் மனைவி. கூலிக்காரர்களை யார் படமெடுத்திருக்கப் போகிறார்கள் என்பது எங்கள் மேதாவித்தனம்.

நாகூர் பழைய இரும்புக் கடையில் எனக்கு உள்ளங்கையளவு தகடு ஒன்று கிடைத்தது. அதில் ஒரு பெண் நிமிர்ந்து நின்றாள். வலது கையில் சுண்டுவிரல் இல்லை. யாரென்று கேட்டு இணையத்தில் போட்டேன். அடுத்த வாரமே ஒரு நர்ஸம்மா வீடு தேடி வந்தார்.

"எங்க கொள்ளுப்பாட்டி சார் இது. அறுப்புக்கு வந்தவங்கள நிக்க வச்சு, ஒரு பாதிரியார் தகரத்துல படம் புடிச்சாராம். அவங்களுக்கு இடது கை சுண்டுவிரல் கிடையாது, கதிர் அறுக்கறப்ப கருக்கருவா பட்டுப் போயிடுச்சு. அவங்க முகத்த எங்க வீட்ல இப்ப இருக்கற யாரும் பாத்ததில்ல."

ஊரில் கிடைக்கிற படத்துக்கெல்லாம் சொந்தம் கொண்டாட ஆள் வந்துவிடுகிறது என்று எனக்கு எரிச்சல்.

"இதுல போயிருக்கறது வலது கை விரல்மா. நீங்க சொல்றது வேற யாரையோ" என்றேன்.

அவர் வாதாடவில்லை. செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டு, எடுத்துக்கொண்டு, தன் போன் நம்பரை எழுதி வைத்துவிட்டுப் போய்விட்டார்.

தகட்டைத் தரங்கம்பாடியில் ஒரு ஹோட்டல்காரருக்குக் கொடுத்தேன். ஊரான் வீட்டு முன்னோரைச் சாப்பாட்டுக் கூடத்தில் மாட்டிவைக்கிற ரசனை அவருக்கு. கீழே 'மிராசுதாரின் மனைவி' என்று எழுதிக் கொடுத்ததும் நான்தான்.

தை மாதம் மன்னார்குடி ரோட்டில் பஸ் பழுதாகி நின்றது. மெஷின் இறங்க முடியாத வயல் மூலையில் ஓர் அம்மாள் கையால் அறுத்துக்கொண்டிருந்தார். வலது கையில் அரிவாள், இடது கைப்பிடியில் கதிர். அரிவாளை ஒட்டி வந்துபோனது இடது கைச் சுண்டுவிரல். அறுக்கிறவருக்குப் போவது இடது கை விரல்தான் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. தகரப் படத்தில் கண்ணாடியில் தெரிவதுபோல எல்லாம் இடவலம் மாறித்தான் விழும். கண்டவர்களுக்கெல்லாம் இதை இருபது வருடமாக வகுப்பெடுத்த முட்டாள் நான். அந்த நர்ஸம்மா வந்து சொன்னபோது மட்டும் நினைவுக்கு வரவில்லை.

பஸ்ஸிலிருந்தே அவருக்குப் போன் செய்தேன்.

"தெரியும் சார். அன்னிக்கே போன்ல அந்தப் படத்தத் திருப்பிப் பாத்துட்டேன்" என்றார்.

"அப்பவே சொல்லியிருக்கலாமேம்மா."

"நீங்க கேக்கற மாதிரி தெரியல சார்."

பிறகு அவரே கேட்டார்: "அந்தத் தகட்ட மட்டும் குடுத்துடுவீங்களா? அவங்க நின்னப்ப அவங்க எதிர்ல கேமராக்குள்ள இருந்த அதே தகடு இல்லையா அது."

"ஒரு ஹோட்டலுக்குக் குடுத்துட்டேன்மா."

"பரவால்ல சார், நான் போய்க் கேக்கறேன். அங்க அவங்கள யாருன்னு எழுதி வச்சிருக்காங்க?"