ஒன்பதாம் படையணியும் என் அண்ணாவும்

பிள்ளைகளே, நான் பெரிய படிப்புப் படித்தவன் இல்லை. ரோமர்களைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் என் மகள் சொல்லித் தந்ததுதான். அப்போது நாங்கள் நோர்வேயில், ஒஸ்லோ நகரின் ரொம்மன் பகுதியில் இருந்தோம். இலங்கையில், எங்கள் ஊரில் சண்டை இன்னும் முடிந்திருக்கவில்லை. மகளின் வகுப்பில் ஒவ்வொரு பிள்ளையும் விடை கிடைக்காத ஒரு சரித்திரக் கதையைப் பேச வேண்டும். பெற்றோரும் வந்து கேட்கலாம். மகள் எடுத்தது, இங்கிலாந்தில் இருந்த ரோமர்களின் ஒன்பதாம் படையணி. ஆயிரக்கணக்கான வீரர்கள். ஒரு காலத்துக்குப் பிறகு அவர்களைப் பற்றி அங்கே ஒரு கல்லிலும் ஒரு வரி இல்லை.

வரவேற்பறையில் நின்று பேசிப் பழகினாள். வடக்கே போன இடத்தில் அந்த வீரர்கள் எல்லோரும் கொல்லப்பட்டார்கள் என்று முடித்தாள். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. யன்னலைத் திறந்தேன், மூடினேன். ஊற்றிய தேநீரைக் குடிக்க மறந்தேன்.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். யாழ்ப்பாணத்தில் சண்டைக் காலத்தில் சந்தைக்குப் போன என் அண்ணா திரும்பி வரவில்லை. இறந்தவர்களின் படத்துக்கு நாங்கள் மாலை போடுவோம், வருடா வருடம் திவசம் செய்வோம். அண்ணாவுக்கு இரண்டும் செய்யவில்லை. அவருடைய படம் உயிரோடு இருப்பவர்களின் படங்களோடுதான் சுவரில் தொங்கியது. திவசத்தைச் செய்துவிடு என்று புத்தி சொன்னவர்களோடு நான் கதைப்பதையே நிறுத்தியிருக்கிறேன்.

"செத்ததை ஆர் கண்டது?" என்று மகளிடம் கேட்டேன்.

"அப்பா, ரெண்டாயிரம் வருசமாகப்போகுது. எப்பிடியும் செத்துத்தானே இருப்பினம்."

சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. பிறகு அவளிடமே விசாரித்தேன். அந்தப் படையின் இலக்கம் குத்திய கூரை ஓடுகள் கடலுக்கு அப்பால் ஒல்லாந்திலும் கிடைத்தனவாம். படை அங்கே மாறிப் போயிருக்கலாமாம். அதைச் சொன்னால் கதை குழம்பும் என்று விட்டுவிட்டாள்.

"குழம்பட்டும். அதையும் சொல்லு."

"முடிவு இல்லாட்டி லேரர் கேப்பா." ஆசிரியையைத்தான் அப்படிச் சொன்னாள்.

"தெரியாது எண்டு சொல்லு, பிள்ளை."

அவள் சுவரிலிருந்த அண்ணாவின் படத்தைப் பார்த்தாள்.

அவள் பேசிய நாளில் வேலை உடுப்போடேயே வகுப்புக்குப் போய்ப் பின்வரிசையில் இருந்தேன். ஓடுகளைப் பற்றிச் சொன்னாள். இறந்தார்களா, இடம் மாறினார்களா, இன்னும் தெரியாது என்று முடித்தாள். நீ என்ன நினைக்கிறாய் என்று ஆசிரியை கேட்டார். மகள் என் பக்கம் பார்க்காமல், கொல்லப்பட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன், ஆனால் அது என் நினைப்பு மட்டும்தான் என்றாள்.

வீட்டுக்கு நடந்து வரும்போது கேட்டாள்: "பெரியப்பாவுக்கு இப்ப எத்தினை வயசு?"

என் மனதில் அவர் சந்தைக்குப் புறப்பட்ட இளைஞனாகவே நின்றார். என்னைவிட மூத்தவர், என் தலையோ நரைத்துவிட்டது. நரைத்த அண்ணாவை நினைத்துப் பார்க்க முயன்றேன். முகம் பிடிபடவில்லை. எங்கள் வாசலைத் தாண்டியும் நடந்துகொண்டிருந்தேன். மகள்தான் கையைப் பிடித்து நிறுத்தினாள்.