அப்படியா, அப்புறம்?

புவனா அக்கா காலமான செய்தி எங்கள் பள்ளியின் வாட்ஸ்அப் புலனக் குழுவில் வந்தபோது, தஞ்சோங் கிளிங்கில் ஒரு கடை வாசலில் காருக்குள் இருந்தேன். படித்து முடித்ததும், எதிர்பார்த்ததுதான் என்கிற பொருளில் என் வாயில் வந்தது, "ஐ சா இட் கமிங்." பக்கத்தில் இருந்த மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஆங்கில ஆசிரியன், பழக்கத்தில் வந்துவிட்டது என்று சமாதானம் சொல்ல எனக்கே வெட்கமாக இருந்தது.

அக்கா கணிதம் கற்பித்தவர். அவருடைய "அப்படியா? அப்புறம்?" எங்கள் பள்ளியில் யாருக்கும் மறந்திருக்காது. தலைமையாசிரியருக்கு மாற்றல் என்பதை ஒரே காலையில் நாலைந்து பேர் வந்து சொன்னார்கள். ஒவ்வொருவரிடமும் கண்ணை அகல விரித்து அதே கேள்வி. முதலில் போய்ச் சொன்னவன் நான். நன்றாக நடிக்கிறீர்கள் என்று சீண்டினேன்.

"சொல்ல வர்றவங்களுக்கு அது புதுசுலா, தம்பி. நான் ஏன் கெடுக்கணும்?" என்றார்.

ஒரு முறை, வியப்பில்லை என்று காட்டும் ஆங்கிலத் தொடர்களை வகுப்பில் நடத்தினேன். 'நோ வொண்டர்', 'வாட் எல்ஸ் இஸ் நியூ' என்று பலகையே நிறைந்துவிட்டது. அடுத்த பாடத்துக்காக வாசலில் நின்றிருந்த அக்கா, எனக்கு முன்பே தெரியும் என்று சொல்வதற்கா இத்தனை என்று கேட்டார். மாணவர்களோடு நானும் சிரித்தேன். அத்தனையையும் ஆசிரியர் அறையில் தினமும் பயன்படுத்தியவனும் நான்தான்.

சென்ற ஆண்டு பள்ளிக் கேண்டீனில் என் எதிரே வந்து உட்கார்ந்தார். தேநீரைக் குடிக்காமல் கலக்கிக்கொண்டே இருந்தார். மருத்துவமனைக்குப் போய் வந்ததாகத் தொடங்கினார். அவர் மெலிந்து வருவதை நான் மாதக்கணக்கில் கவனித்திருந்தேன். என் கெட்டிக்காரத்தனத்தைக் காட்ட அந்த நேரம்தானா கிடைத்தது?

"நெனச்சேன்க்கா. ஐ சா இட் கமிங்," என்றேன்.

அக்கா கரண்டியை எடுத்துத் தட்டில் வைத்தார். "அப்ப சரி, தம்பி," என்று எழுந்து வகுப்புக்குப் போய்விட்டார். பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. நானும் கேட்கவில்லை.

பெம்பானில் அக்காவின் வீட்டில், காரியம் முடிந்த பிறகு, அவர் மகள் என்னிடம் வந்தாள். "அம்மா மொதல்ல உங்ககிட்டதான் சொன்னாங்களாம், அங்கிள். எங்ககிட்ட பயத்தைக் காட்டிக்கவே இல்ல. உங்ககிட்ட என்ன சொன்னாங்க?"

சொல்ல வந்தவரை நான் சொல்லவிடவில்லை என்றேன். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. அம்மாவின் கடைசிக் காலைப்பொழுதைப் பற்றிச் சொல்லத் தொடங்கினாள். எல்லாம் புலனத்தில் ஏற்கெனவே படித்தவைதான்.

"அப்படியா? அப்புறம்?" என்றேன்.

அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தக் கேள்வி. கேண்டீனில் அவருக்கு அது தேவைப்பட்டபோது என்னிடம் இல்லாமல் போயிற்று.